பதின்ம வயதில் தசைப் பயிற்சி

பதின்ம வயதில் தசைப் பயிற்சி என்பது, 13 முதல் 19 வயது வரையுள்ளவர்கள் தம் தசைகளின் வலுவையும் பருமனையும் கூட்டிக்கொள்வதற்காகச் செய்யும் முறையான உடற்பயிற்சியைக் குறிக்கும். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை போன்ற பழைய பயிற்சிகளும், உடற்பயிற்சிக் கூடத்தில் எடைகளைக் கொண்டு செய்யும் இன்றைய பயிற்சிகளும் இதில் அடங்கும். தகுந்த மேற்பார்வையோடு செய்தால் இவ்வயதினருக்கு இது பாதுகாப்பானது என்பதே இன்றைய குழந்தை மருத்துவத் துறையின் கருத்து. இதில் நேரும் தீங்குகளில் பெரும்பகுதி மூன்று காரணங்களால் வருகிறது: அளவுக்கு மீறிய எடை, தவறான உடல்நிலை அமைப்பு, குறுக்கு வழி மருந்துகள். மூன்றுக்கும் வேராக இருப்பது அவசரம்.

உழைப்பிலிருந்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு

காவிரிப் படுகையில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, பிள்ளைகளின் உடலை வயல்வேலையே உறுதியாக்கியது. நாற்றுக்கட்டு சுமப்பது, வரப்பு வெட்டுவது, கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுவருவது, கட்டை அடித்து நெல் பிரிப்பது ஆகியவை ஆண்டுதோறும் வந்துபோகும் வேலைகள். மன்னார்குடியில் சுமார் 23 ஏக்கர் பரப்புள்ள ஹரித்ராநதித் தெப்பக்குளமும் பாமணி ஆறும் நீச்சலுக்கு இடம் தந்தன. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்தபின் அந்த உழைப்பு குறைந்தது. பள்ளி, தனிப்பயிற்சி வகுப்பு, கைப்பேசி என்று பொழுது உட்கார்ந்தபடியே கழிகிறது. ஆகவே, மாலையில் ஜிம்முக்குப் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் அதில் பிழை ஏதுமில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

உழைப்பால் வந்த வலுவுக்கும் இன்று பிள்ளைகள் தேடும் வலுவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வயலில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சிறு கட்டு, பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சற்றுப் பெரிய கட்டு என்று சுமை ஆண்டுக்கணக்கில் ஏறியது. பெரியவர்கள் பார்த்து அளவிட்டுத் தூக்கிவிட்டார்கள். ஜிம்மில் அந்த ஏணியை மூன்றே மாதத்தில் ஏற நினைப்பதுதான் சிக்கல்.

தமிழகத்தின் பழைய பயிற்சி முறைகள்

தண்டால் மார்பு, தோள், கை ஆகியவற்றுக்கும், பஸ்கி தொடை, இடுப்பு ஆகியவற்றுக்கும் உரிய பயிற்சிகள். இவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கர்லாக்கட்டை தோள்மூட்டையும் மணிக்கட்டையும் எல்லாத் திசையிலும் அசைத்து வலுவூட்டுவது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர் இதைக் கற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். மேலை நாடுகளில் பரவிய இப்பயிற்சி 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் சீருடற்பயிற்சிப் போட்டியாகவே இடம்பெற்றது. சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பியது.

தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் உண்டு. உருண்டையான வழுவழுப்பான கல்லைக் குனிந்து எடுத்து, முழங்காலில் ஏற்றி, மார்புக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகேயுள்ள வடலிவிளையில் பொங்கலையொட்டி இப்போட்டி நடைபெறுகிறது. இங்கு கவனிக்கத்தக்கது, கற்கள் ஒரே எடையில் இல்லாமல் படிப்படியாகக் கூடும் எடைகளில் வைக்கப்பட்டிருப்பதாகும். சிறிய கல்லைத் தூக்கிப் பழகியவனே பெரிய கல்லுக்குப் போவான். ‘இளவட்டம்’ என்ற சொல்லும் வளர்ந்து முடிந்த இளைஞனைக் குறிப்பது, சிறுவனைக் குறிப்பதன்று.

தசை எவ்வாறு வளர்கிறது

மனித உடலில் 600க்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. ஒவ்வொரு தசையும் நூல்கற்றை போன்ற இழைகளால் ஆனது. பயிற்சியால் இழைகளின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. இருக்கும் இழைகள் தடிக்கின்றன. வழக்கத்துக்கு மேற்பட்ட சுமை விழும்போது இழைகளுக்குள் சிறுசிறு மாற்றங்களும் சிதைவுகளும் ஏற்படும். அடுத்து வரும் ஓய்வு நேரத்தில் உடல், உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு அவற்றைச் சீர்செய்து, முன்பைவிடச் சற்று உறுதியாகக் கட்டுகிறது. இந்தக் கட்டுமானத்துக்கு ஏறக்குறைய 48 மணி நேரம் தேவைப்படும். ஆகவே ஒரே தசைக்கு நாள்தோறும் கடும் பயிற்சி கொடுப்பது, ஈரம் காயாத சுவரின் மேல் மறுவரிசைச் செங்கல் வைப்பதைப் போன்றது.

தொடக்கநிலையினர் அறிந்திருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. முதல் 6 முதல் 8 வாரங்களில் வலு விரைவாகக் கூடும். தசையின் பருமனோ அவ்வளவாக மாறாது. அந்த வலு பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் கற்றலால் வருகிறது. எந்த இழையை, எப்போது, எவ்வளவு இயக்குவது என்பதை மூளை கற்றுக்கொள்கிறது. மிதிவண்டி ஓட்டப் பழகுவது போன்றதே இதுவும். இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடியில் பார்த்து மாற்றம் தெரியவில்லை என்று மனம் சோர்ந்து, எடையை இரட்டிப்பாக்குவதும் பவுடர் வாங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். கற்றல் சரியாக நடந்திருந்தால் பருமன் தானே பின்தொடரும்.

ஒரே வகுப்பு, வேறு வேறு உடல்

பருவமடையும்போது ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் பன்மடங்கு கூடுகிறது. தசை தடிப்பதற்கு முதன்மைக் காரணம் அதுவே. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே வயதில் நிகழ்வதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவனுக்கு மீசை அரும்பிக் குரல் உடைந்திருக்கும். அவனருகே அமர்ந்திருக்கும் மாணவன் குழந்தை முகத்தோடு இருப்பான். இருவருக்கும் வயது 14. இருவரும் ஒரே பயிற்சியைச் செய்தாலும் முதல்வனுக்குத் தசை தெரியும். மற்றவனுக்கு வலு மட்டும் கூடும். தாமதமாகப் பருவமடைபவன் ஓரிரு ஆண்டுகளில் எட்டிப்பிடித்துவிடுவான். இதைச் சொல்லாமல் விட்டால் தன் உடலில் ஏதோ குறை என்று அவன் நினைத்துக்கொள்வான். நண்பன் தூக்கும் எடையைத் தானும் தூக்க முயன்று அடிபடுவதும் உண்டு.

உயரம் குறையுமா?

எடை தூக்கினால் பிள்ளை வளரமாட்டான் என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் பரவலாக உள்ளது. இதற்குச் சான்று இல்லை. ஆனால் அதன் பின்னால் உள்ள அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதும் அன்று. கை, கால் எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. எலும்பு நீள்வது அங்கேதான். பெண்களுக்கு ஏறத்தாழ 14 முதல் 16 வயதிலும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதிலும் பெரும்பாலான தட்டுகள் இறுகி எலும்பாகிவிடும். அதுவரை எலும்பின் மற்றப் பகுதிகளைவிட அது மென்மையானது. அளவான எடையைச் சரியான முறையில் தூக்குவதால் அதற்குத் தீங்கில்லை. எடை கைநழுவி விழுவது, முதுகு வளையத் தூக்குவது, ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையை முயல்வது ஆகியவற்றால் அத்தட்டில் முறிவு ஏற்படலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் போன்ற அமைப்புகள் வளரும் பிள்ளைகளுக்கு எடைப் பயிற்சியை அனுமதித்து, உச்ச எடை முயற்சிகளைத் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான்.

மற்றொன்றையும் கருத வேண்டும். உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் எலும்பு முந்தி வளர, தசையும் தசைநாணும் இழுபட்டு விறைப்பாக இருக்கும். இக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே, தசைநாண் எலும்பில் சேரும் இடத்தில் புடைப்பும் வலியும் சிலருக்கு வரும். வலி இருக்கும்வரை குதித்தலையும் ஆழமான பஸ்கியையும் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

சத்துவாச்சாரி காட்டும் பாடம்

தமிழகத்தில் எடைப் பயிற்சியைக் குடும்பமாகவும் தெருவாகவும் கற்றுவரும் ஊர் வேலூரை அடுத்த சத்துவாச்சாரி. பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் அவ்வூரைச் சேர்ந்தவர், 1992இல் பிறந்தவர். அவருடைய தந்தை முன்னாள் படைவீரர். தேசிய அளவில் பதக்கம் பெற்ற பளுதூக்குநர். மகன் தந்தையைப் பார்த்தே இக்கலைக்கு வந்தார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட் நகரில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார்.

இரண்டாவது பதக்கத்துக்கு முன் நடந்தது இக்கட்டுரைக்கு முக்கியமானது. தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது அவருக்குத் தொடைத் தசையில் காயம் ஏற்பட்டது. பதக்க நம்பிக்கையே போய்விட்டதாக அவரே பின்னர் கூறினார். பல ஆண்டுகள் தேர்ந்த பயிற்றுநர்களிடம் பயின்ற வீரருக்கே உச்ச எடை இவ்வாறு ஆபத்தாகிறது என்றால், மூன்று மாதம் ஜிம்முக்குப் போன பத்தாம் வகுப்பு மாணவன் நண்பர்களின் பந்தயத்துக்காக அதை முயல்வது எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம்.

பயிற்சி தொடங்கும் முன்

பொதுவாக நலமாக உள்ள பிள்ளைக்குப் பெரிய பரிசோதனைகள் தேவையில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

• இதயக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், வலிப்பு நோய், கட்டுப்படாத ஆஸ்துமா.
• ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்த வரலாறு, மார்பு வலி.
• நெருங்கிய உறவினர் எவரேனும் இளவயதிலேயே திடீரென இறந்திருத்தல்.
• குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு.

வயதைவிட முதிர்ச்சியே தகுதி. சொன்னதைக் கேட்டு அதன்படி செய்யும் பொறுமை உள்ள பிள்ளை 13 வயதிலும் தொடங்கலாம். அப்பொறுமை இல்லாதவர் 17 வயதிலும் காத்திருப்பது நல்லது.

ஜிம்மைத் தேர்ந்தெடுக்கும்போது கருவிகளின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். பயிற்றுநர் தரையில் நிற்கிறாரா, கைப்பேசியில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். புதிதாக வருபவருக்கு முதல் நாளே கனமான எடை கொடுக்கும் இடமும், சேர்ந்தவுடன் பவுடர் விற்கும் இடமும் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. பல இயந்திரங்கள் வளர்ந்த ஆண்களின் உடலளவுக்குச் செய்யப்பட்டவை. இருக்கையும் கைப்பிடியும் பிள்ளையின் உடலுக்குப் பொருந்தாவிட்டால் அந்த இயந்திரத்தை விட்டுவிட வேண்டும்.

முதல் 12 வாரங்கள்

வாரத்தில் 3 நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என இடையில் ஒருநாள் ஓய்வு வரும்படி அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் மெதுஓட்டம், கை கால் சுழற்றல் ஆகியவற்றால் உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி நேரம் 40 முதல் 50 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

1 முதல் 4 வாரம் வரை: உடல் எடை மட்டும். முழுத் தண்டால் வராதவர்கள் சுவரில் கையூன்றியும், பிறகு திண்ணை அல்லது பெஞ்சில் கையூன்றியும், பிறகு தரையில் முழங்காலூன்றியும் செய்து படிப்படியாக இறங்கலாம். பஸ்கியில் குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. முழங்கால் உட்பக்கம் மடங்கக்கூடாது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, முழங்கையூன்றி உடலைப் பலகைபோல் 15 முதல் 30 நொடி நிறுத்துவது, கம்பியில் தொங்குவது ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, 1 அல்லது 2 சுற்று.

5 முதல் 8 வாரம் வரை: அதே பயிற்சிகள், 2 முதல் 3 சுற்று. இரு கையிலும் பாதியளவு நீர் நிரப்பிய வாளியைத் தூக்கி நிமிர்ந்து 20 மீட்டர் நடப்பது நல்ல பயிற்சி. புத்தகப் பையைக் குனிந்து மார்பை நோக்கி இழுப்பது முதுகுக்கு உரியது. மார்புக்குச் செய்யும் அளவு முதுகுக்கும் செய்ய வேண்டும். இல்லையேல் தோள் முன்பக்கம் கூன் விழும்.

9 முதல் 12 வாரம் வரை: எடை சேர்க்கலாம். சரியான முறையில் 12 முதல் 15 தடவை செய்ய முடிகிற எடையே தொடக்க எடை. கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்கலாம், முறை கெடக்கூடாது. இறக்கும்போது மனத்துக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறக்க வேண்டும். முயற்சியின்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும்.

எடையைக் கூட்டுவதற்கு ஒரு விதி உண்டு. அடுத்தடுத்து இரண்டு நாள் 15 தடவை முறை கெடாமல் செய்துவிட்டால் 5 முதல் 10 விழுக்காடு கூட்டலாம். 20 கிலோ தூக்குபவர் 21 அல்லது 22 கிலோவுக்குப் போகலாம். கையெடைகளில் இங்கே ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. 5 கிலோவுக்கு அடுத்தது 7.5 கிலோ என்றால், பார்வைக்கு அது இரண்டரைக் கிலோதான். ஆனால் அது 50 விழுக்காடு உயர்வு. அப்படிப்பட்ட இடத்தில் எடையை மாற்றாமல் 20 தடவை வரை எண்ணிக்கையைக் கூட்டிய பின்பே அடுத்த எடைக்குப் போக வேண்டும்.

மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் எடையை உயர்த்தும் பயிற்சியை ஒருபோதும் தனியாகச் செய்யக்கூடாது. கை தளர்ந்தால் கம்பி கழுத்தின்மேல் விழும். தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையைச் சுமைதூக்கும் தொழிலாளர் அநாயாசமாக ஏற்றுவதைப் பார்க்கும் பிள்ளைகள், தாமும் ஜிம்மில் 40 கிலோ தூக்கினால் என்ன என்று கேட்பதுண்டு. அவர்களைச் சற்று உற்று நோக்கினால் விடை கிடைக்கும். ஒருவர் தனியாகக் குனிந்து தூக்குவதில்லை. இன்னொருவர் கைகொடுத்து ஏற்றிவிடுகிறார். சுமை முதுகோடும் தோளோடும் ஒட்டியிருக்கிறது. அந்த முறையும் வலுவும் பல ஆண்டுப் பழக்கத்தால் வந்தவை. அப்படியிருந்தும் இடுப்புவலி அத்தொழிலில் அரிதன்று.

தண்டனையாகவும் பந்தயமாகவும் பஸ்கி

பழக்கமில்லாத ஒருவரை ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் பஸ்கி போடவைப்பது ஆபத்தானது. தண்டனையாகவோ, விடுதிகளில் கேலியாகவோ, நண்பர்களின் பந்தயமாகவோ இது நடக்கலாம். தசை இழைகள் பெருமளவில் சிதைந்து அவற்றிலுள்ள பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை இதனால் உண்டாகலாம். தாங்க முடியாத வலி, தசை வீக்கம், சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போவது ஆகியவை அதன் அறிகுறிகள். இது அவசர மருத்துவ நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உடற்பயிற்சியைத் தண்டனையாக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

உணவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயது ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 கிராம் புரதமும், 16 முதல் 18 வயதில் 55 கிராமும் தேவை. பெண்பிள்ளைகளுக்கு முறையே 43, 46 கிராம். பயிற்சி செய்பவர்களுக்கு இது சற்றுக் கூடும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை கொண்டால் 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 80 கிராம் ஆகும்.

நெல் விளையும் பகுதியில் மூன்று வேளையும் அரிசியே முதன்மை உணவு. வயிறு நிறையும், ஆனால் பருப்பு, முட்டை, மீன் குறைந்தால் புரதம் நிறையாது. தீர்வு தொலைவில் இல்லை. சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் தெளிக்கப்படும் உளுந்தும் பச்சைப்பயறும் இம்மண்ணிலேயே விளைபவை. ஒரு நாள் உணவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம் (தோராயமாக):

• காலை: இட்லி 4, சாம்பார் – 11 கிராம், அவித்த முட்டை 1 – 6 கிராம்
• மதியம்: 150 கிராம் அரிசிச் சோறு – 11 கிராம், 40 கிராம் பருப்பு – 9 கிராம்
• மாலை: 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் – 8 கிராம், வேர்க்கடலை 30 கிராம் – 7 கிராம்
• இரவு: தோசை அல்லது சப்பாத்தி, கூட்டு – 8 கிராம்
• பால் இருவேளையும் 200 மில்லி – 13 கிராம்

மொத்தம் 73 கிராம். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பயிற்சி நாளிலும் இது போதும். முட்டை உண்ணாதவர்கள் தயிரையும் சுண்டலையும் கூட்டிக்கொள்ளலாம். மீன் உண்பவர்களுக்கு 100 கிராம் மீனிலேயே ஏறத்தாழ 20 கிராம் கிடைக்கும். சோற்றைக் குறைக்கத் தேவையில்லை. மாவுச்சத்து குறைந்தால் உடல் புரதத்தையே எரித்துவிடும்; பிறகு தசைக்கு ஒன்றும் மிஞ்சாது.

பவுடர், மாத்திரை, ஊசி

வே புரோட்டீன் எனப்படும் பவுடர் பாலிலிருந்து வருவது. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரை உலர்த்தினால் கிடைப்பது அது. நச்சு அன்று, மந்திரமும் அன்று. மேலே கண்ட உணவு கிடைப்பவருக்கு அதற்கு வேலை இல்லை. 2024இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலும் உடலைப் பெருக்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்குமாறே கூறுகிறது. சில தயாரிப்புகளில் சீட்டில் எழுதாத பொருள்கள் கலந்திருப்பதும் உண்டு. கிரியேட்டினையும், பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபின் மிகுந்த பானங்களையும் 18 வயதுக்குட்பட்டவர்கள் தவிர்ப்பதே நல்லது.

ஸ்டீராய்டு வேறு வகை. அது டெஸ்டோஸ்டிரோனைப் போன்ற செயற்கை இயக்குநீர். விரைவில் தசை தடிக்கும் என்பது உண்மை. அதற்கு வளரும் உடல் கொடுக்கும் விலை பெரிது. வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுபோகும். எடை தூக்கினால் உயரம் குறையும் என்ற பழைய அச்சம் உண்மையாகும் இடம் இதுதான். விதைகள் சுருங்கி, உடல் தானே சுரக்கும் இயக்குநீர் நின்றுபோகும். ஆண்பிள்ளைக்கு மார்பகம் பருக்கும்; முகப்பரு, முடி உதிர்தல், கடும் சினம், ஈரல் பாதிப்பு, இதயத் தசை தடித்தல் ஆகியவை வரலாம். பெண்களுக்குக் குரல் தடித்தால் அது திரும்பாமலே போகலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற தங்கம், ஸ்டானசோலால் என்னும் ஸ்டீராய்டு கண்டறியப்பட்டதால் பறிக்கப்பட்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. “விட்டமின் ஊசி”, “ஒரு கோர்ஸ்” என்ற பெயர்களில் யாரேனும் எதையேனும் நீட்டினால் அதை வீட்டில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்னமே அறிவுறுத்துவது அவசியம்.

பெண்பிள்ளைகள்

எடைப் பயிற்சி செய்தால் பெண்ணின் உடல் ஆணைப்போல் ஆகிவிடும் என்பது தவறு. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு என்பதால் தசை அளவோடுதான் தடிக்கும். வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய எலும்பு வலுவில் பெரும்பகுதி இவ்வயதிலேயே சேர்கிறது. பிற்காலத்து எலும்புத் தேய்வுக்கு அதுவே முன்காப்பு. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானுவும் பளுதூக்கியவர்களே. பெண்பிள்ளைகள் இரும்புச்சத்தைக் கவனிக்க வேண்டும். பயிற்சி தொடங்கியபின் மாதவிடாய் நின்றுபோனால், உண்பது போதவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக அது இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உறக்கமும் வெயிலும்

13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. வளர்ச்சிக்குரிய இயக்குநீர் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. இரவு ஒரு மணி வரை கைப்பேசி பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து ஜிம்முக்குப் போவதில் பயன் குறைவு.

சித்திரை, வைகாசி மாதங்களில் பயிற்சியைக் காலை 7 மணிக்குள் முடித்துவிட வேண்டும். காற்றோட்டமில்லாத தகரக் கூரைக்குக் கீழே மாலையில் செய்வது வெப்பத்தாக்கத்தை வரவழைக்கும். நீர், மோர், உப்பிட்ட கஞ்சி ஆகியவை போதும். திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்புக்கு முன் நீரைக் குறைத்துத் தசை தெரியச் செய்யும் வழக்கத்தைப் பிள்ளைகள் பின்பற்றக் கூடாது. அந்தத் தோற்றம் ஒரு நாளுக்கானது. அவர்களே அடுத்த நாள் அப்படி இருப்பதில்லை.

எப்போது நிறுத்த வேண்டும்

பயிற்சிக்கு மறுநாள் தசையில் தோன்றி இரண்டு மூன்று நாளில் மறையும் வலி இயல்பானது. பின்வருவன இயல்பானவை அல்ல.

• மூட்டில் வலி, வீக்கம், அல்லது இரவில் எழுப்பும் வலி.
• கீழ்முதுகு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தல்.
• கை அல்லது கால் மரத்துப்போதல்.
• பயிற்சியின்போது மார்பு வலி, மயக்கம், படபடப்பு.
• சிறுநீர் கறுத்துப் போதல்.

முதல் மூன்றுக்கும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

ஜிம்முக்குப் போகாதே என்று தடுப்பதைவிட, ஒருமுறை உடன்சென்று பயிற்றுநரிடம் பேசிவருவது பயன் தரும். பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, நாள், பயிற்சி, எடை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதச் சொல்லலாம். ஜனவரியில் 4 தண்டால் எடுத்தவன் ஜூனில் 20 எடுக்கிறான் என்பது நோட்டில் தெரியும். கண்ணாடியில் அவ்வளவு எளிதில் தெரியாது. “என்ன இப்படி ஒல்லியாக இருக்கிறாய்” என்று உறவினர் முன் பேசுவதைக் கைவிட வேண்டும். ஊசி வரை போகும் பிள்ளைகளில் பலருக்குத் தொடக்கம் இத்தகைய ஒரு சொல்லாகவே இருக்கும். எப்போதும் கண்ணாடி முன் நிற்பது, பயிற்சி தவறினால் பதற்றம் அடைவது, உண்பதை மறைப்பது ஆகியவற்றைக் கண்டால் கண்டிக்காமல் பேச வேண்டும். தேவையானால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தசை 25 வயதிலும் வளரும், 40 வயதிலும் வளரும். வளர்ச்சித் தட்டும் சிறுநீரகமும் தண்டுவடமும் ஒருமுறை கெட்டால் அவ்வாறு மீள்வதில்லை. பதின்ம வயதில் கற்றுக்கொள்ள வேண்டியது சரியான முறையும் ஒழுங்கும் ஆகும். அவை கைவந்தால் எடை பின்னர் தானே ஏறும்.